பாக்கிக் கன்னம்

"இன்னும் கொஞ்சம் மேல இழு."

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"காதுப் பக்கம் இழுக்கற. கண்ணுப் பக்கம் இழு. தோல் மடிஞ்சு நிக்குது பாரு."

"ரொம்ப இழுத்தா இவருக்குக் கண்ணு கோணிக்குதுங்க."

"கோணட்டும். விட்டா நேராயிடும்."

பழக்கடைக்காரர் நாற்காலியில் தலையைச் சாய்த்து, மேலே பார்த்தபடி கிடந்தார். பேச்சு தன் முகத்தைப் பற்றியதுதான் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நுரை உள்ளே போகும். அவருக்கு வலப்பக்கம் சலூன்காரர் கத்தியோடு நின்றார். இடப்பக்கம் சலூன்காரரின் மனைவி நின்று, இரண்டு விரலால் அந்த மனிதரின் கன்னத்தை அழுத்தி இழுத்துப் பிடித்திருந்தாள். அலமாரிமேல் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல மழை.

சவரத்துக்கு இரண்டு கை வேண்டும். கத்தி பிடிக்கிற கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பயந்தாலும் அந்தக் கைக்குத்தான் பயம், மெச்சினாலும் அந்தக் கையைத்தான். ஆனால் மற்றக் கை தோலை இழுத்துத் தட்டையாக்கிக் கொடுக்காவிட்டால் கத்தி ஓடாது, இடறும். இடறினால் ரத்தம். சலூன்காரருக்கு வலது கை அப்படியே இருந்தது. இடது கைதான் போய்விட்டது. போய்விட்டது என்று சொல்கிறோமே தவிர, அது இருந்தது. சட்டைக்குள் தொங்கிக்கொண்டு, அவர் திரும்பினால் தானும் கொஞ்சம் பின்தங்கித் திரும்பிக்கொண்டு இருந்தது. தெருவில் இறங்கும்போது அதைத் தூக்கிக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். 'பையில கைவிட்டு நடக்கற துரை' என்று யாரோ பேர்கூட வைத்திருந்தார்கள்.

நுரை உதட்டைவிட்டு இறங்கியதும் பழக்கடைக்காரர் கேட்டார். "இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"அவரையே கேளுங்களேன். உங்க மூக்குக்கு நேராத்தான் நிக்கறாரு."

"இல்ல, சாப்பாடெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கறாரா?"

"எடுத்துக்கறேன்," என்றார் சலூன்காரர். இடப்பக்க உதடு இறங்கிப்போயிருந்ததால் சொல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வந்தது.

"என்ன சொல்றாரு?"

"எடுத்துக்கறாராம்."

"ரொம்ப நல்லது!" என்று சலூன்காரரைப் பார்த்துக் கத்தினார் பழக்கடைக்காரர், தெருமுனையில் போகிறவரைக் கூப்பிடுவதுபோல. போனது கைதான், காது இல்லை என்பது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

அவள் கத்தியில் திரண்ட நுரையைக் காகிதத் துண்டில் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் அதைக் கசக்கி, காலடியில் இருந்த கூடைக்குள் போட்டாள்.

*

பக்கவாதம் வந்த காலையில் நாற்காலியில் இருந்தவர் எதிர்க்கடைப் பூட்டுக்காரர். பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுவது அவர் தொழில். மீசை முளைத்த நாளிலிருந்து அவர் முகத்தில் வேறு கை பட்டதில்லை. சலூன் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்காருவார். அன்று வலக்கன்னம் முடிந்து, இடக்கன்னத்தில் நுரை தடவி, கத்தியை வைக்கப் போகிற நேரம். கத்தி கீழே விழுந்தது. கூடவே ஆளும் விழுந்தார்.

பூட்டுக்காரர்தான் தூக்கினார். கழுத்தில் கட்டிய துணியோடு, ஒரு கன்னம் பளபளவென்றும் ஒரு கன்னம் நுரையுமாக, ஆளை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "இதுல நோயாளி யாருங்க?" என்று அங்கே நர்ஸ் கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லித் தெரு சிரித்தது. சிரித்துவிட்டு, "இருந்தாலும் சிநேகிதன்னா அப்படி இருக்கணும்" என்று மெச்சவும் செய்தது.

சலூன்காரர் வீடு திரும்பியபோது பூட்டுக்காரருக்குத் தாடி வளர்ந்திருந்தது.

"என்னண்ணே, தாடி?" என்று கேட்டாள் அவள்.

"தோல்ல ஏதோ அரிப்பு தங்கச்சி. டாக்டர் கத்தி வைக்க வேண்டாம்னாரு."

பிறகொரு நாள் கேட்டபோது, "குளிருக்கு எதமா இருக்கு" என்றார். இன்னொரு நாள், "வயசாச்சு, என் மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றார். காரணம் மாறியது, தாடி மாறவில்லை. தினமும் தன் கடை வாசலில் நின்று, "என்னய்யா, எப்படி இருக்க?" என்று குரல் கொடுப்பார். தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வரமாட்டார்.

தாடி வளர்க்க முடியாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். கடையைத் தாண்டும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். துணிந்து வந்தவர் ஒரு வேன் டிரைவர். புருஷன் சொல்கிறபடி கன்னத்தை இழுத்துப் பிடிக்க அவளுக்கு அப்போது பழகவில்லை. மோவாயில் கத்தி இடறியது. சலூன்காரர் படிகாரக் கட்டியை அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். "பரவால்ல, பரவால்ல" என்று டிரைவர் ரொம்ப நல்லபடியாகச் சொன்னார். பிறகு அவர் வேன் வேறு தெரு வழியாகப் போனது.

"இங்க ஒரு கன்னத்துக்கு ரெண்டு ஆளு வேலை பாக்கறாங்க. புருஷன் சொறியறாரு, பொண்டாட்டி கிள்ளறாங்க," என்று வாசலில் நின்று ஒருவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. கேட்காததுபோலக் கண்ணாடியைத் துடைத்தாள்.

நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு மத்தியானம் சலூன்காரர் அதில் தானே ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"கன்னம் வராத கடைய எதுக்குத் தெறக்கணும்? நாளையிலேர்ந்து வீட்டுலயே கெடக்கறேன்."

கிடப்பது என்றால் எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், சோறு வாய்க்குள் போவதற்குக்கூட முகத்தைத் திருப்பவில்லை. இந்தக் கத்தியைக் கையில் வைத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். அவள் சமையல்கட்டில் மகனிடம் சொன்னாள். மகனுக்குப் பெரிய தெருவில் சொந்தக் கடை. சுழல் நாற்காலி, மின்சார மெஷின், வாசனைத் தண்ணீர் எல்லாம் உண்டு.

"என் கடைக்கு வர்றவங்கள்ல தெரிஞ்ச ஆளுங்கள அனுப்பறேம்மா."

"அவரு கையில யாருக்காச்சும் வெட்டுப்பட்டா?"

"படாது. நான் வழிச்சுட்டுத்தான் அனுப்புவேன்."

"வழிச்ச மூஞ்சியில அவரு என்னத்தடா வழிக்கறது?"

"நுரைய வழிப்பாரு. அவருக்கும் மனசு நெறையும், அவங்களுக்கும் ரத்தம் வராது."

"கண்டுபிடிச்சிடுவாருடா."

"ரேடியோவ சத்தமா வை. காகிதத்த அவரு கண்ணுல படாம கசக்கிடு."

சவரக்காரன் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும். முடியுள்ள கன்னத்தில் கத்தி சரக் சரக்கென்று பேசும். வழித்த கன்னத்தில் அது ஊமை. முடியுள்ள கன்னத்து நுரையில் அரிசியில் கிடக்கிற கல் மாதிரி முடித்தூள் கிடக்கும். வழித்த கன்னத்து நுரை வெறும் வெள்ளை.

ஆட்கள் வந்தார்கள். முதல் ஆளின் கன்னத்தில் விரல் வைத்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது, குழந்தைக் கன்னம்போல வழுவழுவென்று இருந்தது. என் விரலுக்கே தெரிகிறது, அவர் கைக்குத் தெரியாதா? அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பழகிக்கொண்டாள். அவர் மறுபடி தலை வாரிக்கொண்டு கடைக்கு வந்தார், காலை இழுத்தபடி. வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டார். அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்?

*

பழக்கடைக்காரரின் இரண்டாம் கன்னத்தில் பாதி போனபோது மின்சாரம் நின்றது. ரேடியோ ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. மழையும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. கத்தி மேலிருந்து கீழே இறங்கியது. அப்போதும் சத்தம் இல்லை. மறுபடி இறங்கியது.

அவள் தொண்டையைச் செருமினாள். பாத்திரத்தை நகர்த்தினாள். "என்ன, கரெண்டு இப்படிப் போகுது" என்று எதையோ பேசப் பார்த்தாள்.

பழக்கடைக்காரர் பொறுமையிழந்து அவள் பக்கம் கண்ணை உருட்டினார். "இன்னும் எவ்வளவு நேரம்மா? சும்மா ரெண்டு இழுப்புதான், உக்காந்துட்டு வந்துடுங்கன்னு உங்க பையன் சொன்னாரு. கடையில ஆளில்ல."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். உள்ளங்கையை அவளிடம் நீட்டினார்.

"குடு."

"எதுக்குங்க?"

"காகிதத்தக் குடு."

அவள் கைக்குள் பாதி கசங்கியிருந்ததை அவர் வாங்கி, மேஜைமேல் வைத்து விரலால் விரித்தார். வெள்ளையாக இருந்தது. எதிர்பார்த்ததைப் பார்த்தவர்போலத் தலையாட்டினார். பழக்கடைக்காரரின் முகத்தைத் துடைத்துத் துணியை உருவினார்.

"முடிஞ்சுது. எந்திரிங்க."

"தப்பா ஏதாச்சும் சொல்லிட்டேனாம்மா?" அதையும் அவளிடம்தான் கேட்டார். பிறகு குடையைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்," என்றாள் அவள்.

"கன்னத்துல கத்திய வெச்சா தெரியாதா? மொத நாளே தெரியும். கிருதாவ ஒரு நூல் சாய்ச்சு வெட்டறது யாரு? உன் பிள்ளதான். எத்தனை தடவ குட்டியிருப்பேன் அதுக்காக."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"சொன்னா வர்றது நின்னுடுமே."

அவள் காலடியில் இருந்த கூடையை ஓரமாகத் தள்ளினாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஓட்டினேன். பொம்மைக்குச் சவரம் பண்ற மாதிரி. நாற்காலிகிட்ட நின்னாப் போதும்னு ஆயிடுச்சு எனக்கு. நீ காகிதத்தக் கசக்கறப்பல்லாம் வேற பக்கம் பாத்துப்பேன். நீ பயப்படக் கூடாதுன்னு. அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். வெக்கமா இருக்கு."

"உங்களுக்கு மட்டுந்தானா வெக்கம்? நான் உங்க பக்கத்துலயே நின்னு பண்ணேன்."

அப்போதுதான் மகன் உள்ளே வந்தான். மின்சாரம் இல்லாமல் அவன் கடையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. வேலை நெருக்கடியில் சில நாளாக அவனுடைய சொந்தக் கன்னம் வழிக்கப்படாமல் கருத்திருந்தது. மேஜைமேல் விரித்த காகிதத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"உக்காரு," என்றார் அப்பா.

"எதுக்குப்பா?"

"எல்லாரையும் அனுப்பற. நீ மட்டும் வரல."

"நேரம் இல்லப்பா..."

"இப்ப இருக்கே. கரெண்டு இல்லாம என்ன பண்ணப் போற?"

அவன் உட்கார்ந்தான். அம்மா துணியைக் கட்டினாள். அவன் கைகள் தாமாகவே துணிக்குள் போயின. அப்பா ஒரே கையால் பிரஷ்ஷைச் சுழற்றி நுரை போட்டார். அம்மா கன்னத்தை இழுத்தாள். அவள் விரல் வியர்வையில் வழுக்கியது.

"பல்ல ஏண்டா கடிக்கற?"

"கடிக்கலப்பா."

"தாடை கட்டை மாதிரி இருக்கு. கண்ணத் தெற. நான் என்ன உன்ன அறுக்கவா போறேன்?"

அவன் கண்ணைத் திறந்தான். திறந்து, கத்தியையே பார்த்தான். அதைப் பார்த்து அம்மாவின் விரல் கன்னத்திலிருந்து நழுவியது.

"நீ விலகு," என்றார் அவளிடம்.

"அப்பறம் யாரு பிடிக்கறது?"

"அவனே பிடிக்கட்டும். டேய், கைய வெளிய எடு."

மகன் திகைத்தான். தொழிலுக்கு வந்த அன்று அவனுக்கு அப்பா சொன்ன முதல் பாடம், உட்காருகிறவன் கை துணிக்குள்ளே இருக்க வேண்டும் என்பது. வெளியே வந்த கை, கத்தியின் குறுக்கே வரும். அது இந்தக் கடையின் சட்டம். அவன் கடையிலும் அதுவே சட்டம். கன்னத்துக்குச் சொந்தக்காரனே தன் கன்னத்தை இழுத்துப் பிடிக்கலாம் என்பது வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். சவரக்காரர் வீட்டில் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

"கை வெளிய வரக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?"

"சொன்னேன். அப்ப எனக்கு ரெண்டு கை இருந்துச்சு."

துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. அவன் தன் கன்னத்தைத் தானே மேலே இழுத்துக் கொடுத்தான். தொழில் தெரிந்த கை. எங்கே பிடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரக்.

அவள் ஓரமாக நின்று கேட்டாள். சரக், சரக். கடையில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமான மாதிரி இருந்தது.

மோவாயருகில் அவன் எச்சில் விழுங்கினான். கத்தி இடறியது. சின்ன வெட்டுத்தான், ஆனால் நுரையில் சிவப்பு படர்ந்தது. படிகாரக் கட்டி டப்பாவோடு ஒட்டிக் காய்ந்திருந்தது, அவ்வளவு நாளாக அதற்கு வேலையில்லை. அவள் நகத்தால் பெயர்த்து நனைத்துக் கொடுத்தாள். அவர் வைத்து அழுத்தினார்.

"எரியுதா?"

"இல்லப்பா."

"எரியும். எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு."

"எரியுது."

காகிதத்தில் கருப்பும் வெள்ளையுமாக நுரை கிடந்தது. அவள் அதைக் கசக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே பலகையில் வைத்தாள்.

*

மகன் தெருவில் இறங்கினான். எதிர்க்கடை வாசலில் பூட்டுக்காரர் நின்றிருந்தார். ரேடியோ இல்லாத தெருவில் பேசுவதெல்லாம் சலூனுக்குள் அப்படியே விழுந்தது.

"கன்னத்துல என்னடா ரத்தம்?"

"ஒண்ணுமில்ல மாமா. கரெண்டு இல்லாம இருட்டுல நானே போட்டுக்கிட்டேன்."

உள்ளே பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நானேவாம்," என்றார் சலூன்காரர்.

"சின்னப் பையங்க. தெருவுல நாலு பேரு கேக்கறாங்களேன்னு..."

"விடு. அப்பன் கைன்னு சொன்னா அவன் கடைக்கு வர்றவனும் யோசிப்பான்." அவர் பிரஷ்ஷை உதறினார். தண்ணீர் அவர் சட்டைமேலேயே தெறித்தது.

வெளியே பூட்டுக்காரர் விடவில்லை. "உங்கப்பன் நாற்காலியில நீ உக்காந்திருந்தத இங்கேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவரு போட்டதுன்னு சொல்ல வாய் வரலியா ஒனக்கு?"

மகன் முகம் சுருங்கியது. பிறகு கோபத்தோடு சொன்னான். "உங்க தாடி ஏன்னு யாரும் தோண்டிக் கேக்கல இல்ல மாமா? அப்ப என்னையும் கேக்காதீங்க."

அவன் செருப்புச் சத்தம் ஈரத்தில் பெரிய தெருப் பக்கம் போனது. பூட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். தாடிக்குள் விரலை விட்டுச் சொறிந்தார். தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கூடப் போகாமல், அதில் காலை வைத்தே தெருவைக் கடந்து வந்தார்.

"வாங்கண்ணே," என்றாள் அவள்.

"கரெண்டு இல்ல தங்கச்சி. சாவி மெஷின் ஓடல."

"அதுக்கு?" என்றார் சலூன்காரர்.

"சும்மா உக்காரலாம்னு வந்தேன்." சுவரோரம் கிடந்த பெஞ்சுக்குப் போனார்.

"அங்க இல்ல. இங்க."

பூட்டுக்காரர் நாற்காலியில் ஏறினார். கண்ணாடிக்குள் மூன்று முகமும் இருந்தன. அவள் துணியை உதறி அவர்மேல் போட்டு, கழுத்துக்குப் பின்னால் முடிச்சிட்டாள்.

"அன்னிக்கு..." என்றார் பூட்டுக்காரர்.

"என்னிக்கு?"

"கத்தி விழுந்த அன்னிக்கு. நீ சாயறதப் பாத்தேன்யா. பாத்துட்டு, துணிக்குள்ளேர்ந்து கைய எடுத்து, மொதல்ல என் கழுத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். எங்கயாச்சும் அறுபட்டிருக்கான்னு. கைய மூஞ்சிக்கு நேரா கொண்டாந்து பாத்தேன். ரத்தம் இல்ல. அப்பறந்தான் ஒன்னத் தூக்கக் குனிஞ்சேன்." அவர் குரல் தாடிக்குள் இறங்கியது. "தூக்கிட்டு ஓடினேன்னு தெருவே சொல்லுது. அதுக்கு முன்னாடி என்ன பண்ணேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். எப்படிய்யா வந்து ஒன் முன்னாடி கழுத்த நீட்டறது?"

அவள் இரண்டடி பின்னால் போனாள். இதைக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

சலூன்காரர் பலகையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

அவர் கத்தரிக்கோல் நுனியால் கண்ணாடியைக் காட்டினார். "அதப் பாத்துக்கிட்டேதானே விழுந்தேன்."

பூட்டுக்காரர் தலை தொங்கிப்போயிற்று. சலூன்காரர் கத்தரிக்கோல் பிடித்த கையின் ஒரு விரலை அவர் மோவாய்க்கு அடியில் கொடுத்து, எல்லா முகத்தையும் நிமிர்த்துவதுபோல நிமிர்த்தினார். தாடியைக் கத்தரித்தார். முடி துணிமேல் கொத்துக் கொத்தாக விழுந்தது. நுரை போட்டார். கத்திக்கு அவள் புது பிளேடு மாட்டிக் கொடுத்தாள். மாட்டிவிட்டு, கன்னத்தைப் பிடிக்க வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இடது கன்னம் பாக்கி இருக்கு," என்றார் சலூன்காரர். "கைய வெளிய எடு."

"எந்தக் கைய?"

"அன்னிக்கு எடுத்தியே, அந்தக் கையத்தான்."

துணி அசைந்தது. கை வெளியே வர ரொம்ப நேரம் எடுத்தது.